கஞ்சித்தொட்டியும் தோள்சீலையும்

ஏட்டைக் கிழித்தெறிந்தால் பழி அழிந்துவிடுமா? பாடத்தை நீக்கிவிட்டால், நாட்டில் நடந்தது நடவாததாகிவிடுமா?

இப்படிக் கேட்க வேண்டிய நிலைக்கு நம்மை ஆளாக்கிவிட்டார்கள், தோழர்களே! 2016 டிசம்பரில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் ஒரு சுற்றறிக்கை விடுத்தது. ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில், சாதிப் பூசலையும் உடை மாற்றத்தையும் பற்றிய பகுதி நீக்கப்படுகிறது, அதிலிருந்து தேர்வில் வினா எழாது என்பது அதன் சாரம். 2019இல் அப்பகுதியைத் தாங்கியிருந்த அத்தியாயமே நூலிலிருந்து அகற்றப்பட்டது. எந்த நாட்டுக் கதை அது? நம் நாஞ்சில் நாட்டுக் கதை! கல்குளத்திலும் இரணியலிலும் தோவாளையிலும், தோள்மீது துணி போட்ட குற்றத்திற்காகச் சந்தையில் சீலை கிழிக்கப்பட்ட நம் பாட்டிமார் கதை!

ஏன் நீக்கினர்? மாணவன் மனம் புண்படுமாம். மாணவன் மனமா புண்படும்? திருவிதாங்கூர் தர்மராஜ்யம், அங்கே அமைதி தவழ்ந்தது, அன்பு வழிந்தது, வெள்ளைப் பாதிரி வந்துதான் கலகம் மூட்டினான் என்று பஜனை பாடுகிறார்களே, அவர்கள் மனமன்றோ புண்படும்!

மற்றொரு சாரார் உளர். அவர்கள் நம்மை வேறு வழியில் அமைதிப்படுத்துவர். அரசர் மனமிரங்கினார், ஆங்கில கவர்னர் கடிதம் எழுதினார், ஆகவே துணி கிடைத்தது, நன்றி சொல்லுங்கள் என்பர். அந்தக் கவர்னர் யார்? அவர் இங்கே வருமுன் எங்கே இருந்தார்? என்ன செய்துகொண்டிருந்தார்? இவற்றைக் கேட்டால் மட்டும் வாய் திறவார். நாம் திறப்போம். அதற்கு முதலில் கடல் கடந்து அயர்லாந்து வரை சென்று திரும்ப வேண்டும்.

அயர்லாந்து, இங்கிலாந்துக்கு மேற்கே கிடக்கும் பச்சைத் தீவு. மண் வளமானது, மக்கள் வறியவர்கள். காரணம் மழையன்று, மந்தபுத்தியன்று. படையெடுத்து வந்தவன் நிலத்தைப் பறித்தான். பறித்த நிலத்தைப் பறிகொடுத்தவனுக்கே குத்தகைக்கு விட்டான். 1695 முதல் வரிசையாக வந்த தண்டனைச் சட்டங்கள் கத்தோலிக்கனை, அவன் பிறந்த மண்ணிலேயே, தாழ்ந்த சாதியாக்கின. அவன் நிலம் வாங்கக் கூடாது. 31 ஆண்டுக்கு மேல் குத்தகை பெறக் கூடாது. 5 பவுனுக்கு மேல் மதிப்புள்ள குதிரை வைத்திருக்கக் கூடாது. மனுதர்மம் படித்தவர்களா அவர்கள்? இல்லை! ஆதிக்கத்திற்கு எந்த நாட்டிலும் மூளை ஒரே மாதிரிதான் வேலை செய்யும்.

வறுமை முற்றிற்று, கலகம் மூண்டது. உடனே யோசனைகள் பிறந்தன. அறிஞர் ஒருபுறம், அமைச்சர் ஒருபுறம், அச்சகம் ஒருபுறம், ஆளுக்கொரு மருந்து எழுதினர். அத்தனையையும் கண்டு நொந்த ஒருவர், டப்ளின் நகர் செயின்ட் பாட்ரிக் பேராலயத்தின் தலைவர் ஜொனாதன் ஸ்விப்ட், 1729இல் தாமும் ஒரு யோசனை சொன்னார். ஏழை வீட்டுக் குழந்தைகளை ஓராண்டு வளர்த்துப் பணக்காரன் மேசைக்கு உணவாக விற்றுவிடலாம் என்பதே அது! விலை, எடை, சமைக்கும் முறை எல்லாம் கணக்கிட்டுக் காட்டினார். படித்தவர் பதறினர். அவர் விரும்பியதும் அதுவே. உயிருள்ள மக்களைக் கூட்டல் கழித்தலாகப் பார்க்கும் யோசனைக்காரர்களின் கன்னத்தில் விழுந்த அறை அது. ஆனால் அறை வாங்கியவர்கள் திருந்தினரா? நூறாண்டு கழிந்தும் திருந்தவில்லை.

1833இல் ஆணையம் ஒன்று அமைந்தது. பேராயர் வேட்லி அதன் தலைவர். மூன்றாண்டு ஆராய்ந்தது. இங்குள்ள ஏழை சோம்பேறியல்லன், வேலை கிடைக்காதவன். அவனை அடைத்து வைக்கும் விடுதி மருந்தாகாது. சதுப்பு நிலத்தைத் திருத்துங்கள், வடிகால் வெட்டுங்கள், வேலை கொடுங்கள், வெளிநாடு போக விரும்புவோர்க்கு உதவுங்கள் என்றது. பிடித்ததா இலண்டனுக்கு? இல்லை! நிக்கல்ஸ் என்ற அதிகாரியை அனுப்பினர். அவர் சில வாரம் சுற்றிப் பார்த்தார்; ஏழை விடுதியே மருந்து என்றார். 1838இல் அதுவே சட்டமாயிற்று. நாடு 130 வட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. விடுதியில் கணவன் ஒரு கொட்டடி, மனைவி ஒரு கொட்டடி, பிள்ளை ஒரு கொட்டடி. பசிக்குக் கஞ்சி உண்டு. குடும்பம் என்ற பேச்சு இல்லை.

நிலம் பற்றி ஆராய மற்றோர் ஆணையம் வந்தது. 1845 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. உழவன் தன் உழைப்பால் நிலத்தை உயர்த்தினால், வெளியேற்றும்போது அதற்கு ஈடு கொடுங்கள் என்ற சிறிய கோரிக்கை. அதுவும் அலமாரியில் உறங்கிற்று. அந்த ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே உருளைக்கிழங்கில் கருகல் நோய் விழுந்தது.

தானியம் விளைவித்தவன் தானியத்தைக் குத்தகைக்காகவும் வரிக்காகவும் விற்றுவிட்டு, கிழங்கைத் தின்று உயிர் வாழ்ந்தான். கிழங்கு அழுகிற்று, அவனும் அழிந்தான். 1841இல் 81 இலட்சத்திற்கு மேலிருந்த மக்கள்தொகை 1851இல் 65 இலட்சமாயிற்று. ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர்; அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினர். சவப்பெட்டிக் கப்பல்கள் என்று அவற்றுக்குப் பெயர். அதே ஆண்டுகளில் அயர்லாந்துத் துறைமுகங்களிலிருந்து தானியமும் வெண்ணெயும் கால்நடையும் இங்கிலாந்து நோக்கி மிதந்துகொண்டிருந்தன!

இந்த நேரத்தில், நிவாரணத்தின் கடிவாளம் யார் கையில் இருந்தது? இலண்டன் கருவூலத்தின் துணைச் செயலர் சார்லஸ் டிரெவெலியன் கையில். பெயரை நினைவில் வையுங்கள், தோழர்களே! பிரதமர் பீல் 1 இலட்சம் பவுனுக்கு அமெரிக்கச் சோளம் வாங்கினார். அவருக்குப் பின் வந்தோர், சந்தை தானே பார்த்துக்கொள்ளும், அரசு தலையிடலாகாது என்றனர். அந்தக் கோட்பாட்டின் உறுதியான காவலர் டிரெவெலியன். பொதுப்பணி என்ற பெயரில், எலும்பும் தோலுமானவர்களைக் கொண்டு, எங்கும் சென்று சேராத சாலைகளைப் போட வைத்தனர். 1847 மார்ச்சில் 7 இலட்சம் பேர் அதில் இருந்தனர். பிறகு கஞ்சித்தொட்டி திறந்தனர். 1847 கோடையில் நாள்தோறும் 30 இலட்சம் பேர்க்குக் கஞ்சி ஊற்றப்பட்டது. ஊற்ற முடியும் என்று அதனால் தெரிந்ததல்லவா? தெரிந்த பிறகு என்ன செய்தனர்? மூடினர்! இனி உள்ளூர் ஏழைவரியே பார்த்துக்கொள்ளட்டும் என்றனர். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு உதவி இல்லை என்று சட்டமும் செய்தனர். கஞ்சி வேண்டுமா, காணியை விடு!

செலவான பணம் எவ்வளவு? அரசு தந்தது, கடனாகத் தந்ததையும் சேர்த்து, 1 கோடி பவுனை எட்டவில்லை. அதே அரசு, அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர், அடிமை வணிகத்தில் கொழுத்த எசமானர்களுக்கு, அடிமைகளை இழந்ததற்கு ஈடாக, 2 கோடி பவுன் அள்ளிக் கொடுத்தது. பசித்தவனுக்கு அரைக் கை. பறித்தவனுக்கு முழுக் கை!

1848இல் டிரெவெலியன் ஒரு கட்டுரை வெளியிட்டார். பஞ்சம் தீர்ந்துவிட்டது என்றும், அது ஆண்டவனின் அருட்செயல், அயர்லாந்தின் பழைய நோய்க்கு இறைவன் தந்த மருந்து என்றும் அதில் விளக்கினார். மக்கள் அப்போதும் செத்துக்கொண்டுதான் இருந்தனர். அவ்வாண்டே அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. தெய்வச்சித்தம் என்றார் அவர். நமக்கு இந்தக் குரல் புதிதா? பூர்வஜன்ம கர்மம், தலையெழுத்து, விதி என்று நம் அக்கிரகாரத்துத் திண்ணையில் காலங்காலமாகக் கேட்ட குரலன்றோ இது! மொழிதான் வேறு, மோசடி ஒன்றே. பட்டினிக்குக் காரணம் மேலே இருக்கிறது என்று காட்டிவிட்டால், கீழே இருக்கும் குற்றவாளி தப்பித்துக்கொள்கிறான்.

இனி நம் நாட்டுக்குத் திரும்புவோம்.

திருவிதாங்கூருக்குத் தர்மபூமி என்று பெயர். என்ன தர்மம்? ஊட்டுப்புரைகளில் பார்ப்பனர்க்கு நாள்தோறும் இலவசச் சோறு. ஆறாண்டுக்கு ஒருமுறை 56 நாள் முறைஜபம். வேதம் ஓத வருவோர்க்கு விருந்தும் தட்சணையும். நாஞ்சில் நாடோ திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் எனப் பெயர் பெற்ற மண். பழையாற்று நீரில் நாற்று நட்டவன் யார்? சேற்றில் இறங்கியவன் யார்? புலையர், பறையர் எனப் பெயரிடப்பட்டு, நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட அடிமைகள். 1855 வரை அடிமைமுறை சட்டப்படி நிலவிய தர்மபூமி இது!

பனையேறியின் கதை வேறா? உயிரைக் கயிற்றில் கட்டி ஏறுகிறான். ஏறும் மரத்திற்கு வரி. ஏறும் ஏணிக்கு வரி. ஏறுகிறவன் தலைக்கும் வரி! தலைவரி உள்ளிட்ட பல வரிகள் 1815 வாக்கில் நீங்கின. நீங்காதது ஊழியம். அரசுக்கும் கோயிலுக்கும் கூலியின்றிச் சுமக்க வேண்டும், வெட்ட வேண்டும், கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அயர்லாந்துக் கத்தோலிக்கனுக்குக் குதிரை கூடாது என்றால், இங்கே குடை கூடாது, செருப்பு கூடாது, பொன்னணி கூடாது, பெண்டிர்க்கு மார்பை மறைக்கும் மேலாடை கூடாது. இழிவை உடம்பிலேயே எழுதி வைத்தனர். தொலைவிலிருந்தே சாதி தெரிய வேண்டுமாம்!

இதில் முதல் உடைப்பு 1814இல் வந்தது. ரெசிடென்டாக இருந்த கர்னல் மன்றோ, கிறித்தவரான பெண்கள் குப்பாயம் அணியலாம் என்று ஆணை பெற்றுத் தந்தார். பெண்களோ குப்பாயத்தோடு நிற்கவில்லை. மேல்சாதிப் பெண்டிர் போல அதன்மேல் தோள்சீலையும் போட்டனர். மதம் மாறாத நாடார் பெண்டிரும் அவ்வாறே அணியலாயினர். 1822இல் கல்குளம் பகுதியில் தாக்குதல் தொடங்கிற்று. சந்தையிலும் வழியிலும் சீலை கிழிந்தது, அணிவது நின்றதா? நிற்கவில்லை. 1829 பிப்ரவரி 3ஆம் நாள் அரசு ஓர் அறிவிப்பு விடுத்தது. தோள்சீலை கூடாது, ஊழியமும் முன்போலவே செய்ய வேண்டும்! கலகத்திற்கு அவர்கள் கண்ட மருந்தைப் பாருங்கள். அடித்தவன் கையைக் கட்டவில்லை. அடிபட்டவள் ஆடையைக் களைந்தனர்.

வியப்பு ஒன்று சொல்வோம். அதே 1829 ஏப்ரலில்தான் இலண்டன் பாராளுமன்றம் அயர்லாந்துக் கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் அமரலாம் என்று சட்டம் இயற்றிற்று. ஒரு கை கொடுத்தது. மறு கை என்ன செய்தது? வாக்குரிமைக்கான நிலமதிப்பை 40 ஷில்லிங்கிலிருந்து 10 பவுனாக உயர்த்திற்று. 2 இலட்சத்துக்கும் மேலாக இருந்த வாக்காளர் 40 ஆயிரத்துக்கும் கீழே இறங்கினர். செல்வனுக்கு நாற்காலி, சிறுகுடியானவனுக்கு வாய்ப்பூட்டு! இங்கே குப்பாயம் உண்டு, தோள்சீலை இல்லை. அங்கே நாற்காலி உண்டு, வாக்கு இல்லை. சலுகை தருவோர் கணக்கு எப்போதும் இப்படித்தான். எது கொடுத்தால் மேல்தட்டு கலையாதோ, அதை மட்டும் கொடுப்பர்.

1858 நவம்பரில் விக்டோரியா அரசியின் பேரறிக்கை வந்தது. தென்திருவிதாங்கூரில் மீண்டும் நெருப்புப் பற்றிற்று. பெண்கள் தாக்கப்பட்டனர், வீடுகளும் பள்ளிக்கூடங்களும் வழிபாட்டு மனைகளும் எரிந்தன. திவான் மாதவராவ் என்ன செய்தார்? இன்று பலர் போற்றும் அந்தச் சீர்திருத்தச் செம்மல், 1858 டிசம்பரில், பழைய வழக்கத்தை மீறாதீர் என்று 1829 அறிவிப்பையே மீண்டும் காட்டினார்!

1859 மார்ச்சில் சென்னைக்குப் புதிய கவர்னர் வந்து இறங்கினார். யார்? சர் சார்லஸ் டிரெவெலியன்! அதே மனிதர். அயர்லாந்தில் கஞ்சித்தொட்டியை மூடியவர்களின் தலைமை எழுத்தர். இங்கே அவர் என்ன எழுதினார்? ரெசிடென்ட் கல்லனுக்கு எழுதினார். உண்மையும் நீதியும் மனிதப் பண்பும் முழுக்க ஒரு பக்கத்திலேயே நிற்கின்றன, இந்தத் தடையை நீக்கச் செய்யுங்கள் என்று கண்டிப்பாக வலியுறுத்தினார். 1859 ஜூலை 26ஆம் நாள் உத்திரம் திருநாள் மார்த்தாண்டவர்மா அறிவிப்பு வெளியிட்டார்.

ஒரே பேனா! அங்கே உயிர்களைக் கணக்குப் புத்தகத்தில் கழித்தது. இங்கே மானத்திற்காக வாதாடிற்று. எப்படி? பத்தாண்டில் மனிதர் மாறிவிட்டாரா? கடற்காற்றில் கருணை ஊறிற்றா? பகுத்தறிவாளன் அற்புதங்களை நம்ப மாட்டான். கணக்கைப் பார்ப்பான். பார்ப்போம்.

அயர்லாந்தில் நீதி செய்திருந்தால் செலவு யாருக்கு? இலண்டன் கருவூலத்திற்கு. இழப்பு யாருக்கு? பாராளுமன்றத்தில் அமர்ந்திருந்த நிலக்கிழார்க்கு. இங்கே நீதி செய்தால் இலண்டனுக்குச் செலவு என்ன? ஒரு தாள், ஒரு துளி மை! மானம் போவது நாஞ்சில் நாட்டு மேல்சாதிக்கு. அவர்கள் இலண்டனில் வாக்காளர் அல்லர். 1857 பெருங்கலகத்தின் புகை அடங்காத காலம். தெற்கே இன்னொரு தீ மூளாமல் இருந்தால் சரி. இதுதான் கருணையின் இலக்கணம். தன் மடியைத் தொடாதவரை ஆள்வோன் நீதிமான். மடியைத் தொட்டால் அவன் பொருளாதாரப் பண்டிதன்!

டிரெவெலியனின் கடிதத்தில் நியாயம் இல்லையா எனக் கேட்பீர். உண்டு. அதை மறுப்போர் அல்லோம். இங்கே பள்ளி திறந்த பாதிரிமாரின் உழைப்பையும் மறுப்போர் அல்லோம். அடிமைச் சிறுமிக்கு எழுத்துக் கற்பித்தவரை நாம் எப்படி மறப்போம்? நாம் மறுப்பது ஒன்றையே: வரம் கொடுத்தவன் பெயரை மட்டும் கல்லில் வெட்டி, வாதாடிப் பெற்றவள் பெயரைக் காற்றில் விடும் கணக்கை! 1822இல் சீலை கிழிந்த பெண், மறுவாரமும் அதே சந்தைக்கு அதே சீலையோடு போனாளே, அந்த நடை இல்லையேல், எழுதக் கவர்னருக்குக் கடிதம் ஏது, அறிவிக்க அரசனுக்கு அறிக்கை ஏது? ஒரு தலைமுறைக்கு மேலாக நடந்த நடை அது!

அந்த 1859 அறிக்கையைத்தான் முழுவதும் படித்தீர்களா? குப்பாயம் போடலாம், முக்குவப் பெண்டிர் போல முரட்டுத்துணி சுற்றிக்கொள்ளலாம், வேறு எவ்விதத்திலும் மறைத்துக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்டிர் அணிவது போல மட்டும் அணியலாகாது! மானத்தைக் கொடுத்தனர்; சமத்துவத்தைக் கொடுக்கவில்லை. துணியை அவிழ்த்துவிட்டனர், சாதிக் கோட்டை அழிக்கவில்லை. மற்றத் தாழ்த்தப்பட்ட சாதிகளுக்கு அந்த அரைச்சலுகையும் 1865இல்தான் வந்தது.

வறுமைக்கு மருந்தென்று வந்தவற்றையும் இரு நாட்டிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே பஞ்சகாலத்தில் கன்னிமாடத்தாரும் சீமாட்டிகளும் ஏழைப் பெண்களுக்கு ரேந்தைப் பின்னல் கற்பித்தனர். இங்கே அதற்கும் முன்பே நாகர்கோவிலில் மால்ட் அம்மையார் ரேந்தை கற்பித்தார். அந்தக் கூலியைச் சேர்த்து அடிமைத்தளையிலிருந்து தம்மை விலைக்கு மீட்ட பெண்கள் உண்டு. வணங்கத்தக்க உழைப்பு! ஆனால் கேளுங்கள்: தன்னையே தான் விலை கொடுத்து வாங்க வேண்டிய நிலையை உண்டாக்கியவன் யார்? அவனிடம் யாரேனும் கணக்குக் கேட்டார்களா?

அங்கே எங்கும் சேராத சாலை. இங்கே 1860இல் அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய் தொடங்கிற்று. திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் இணைக்க வெட்டப்பட்டது குமரிமுனையை எட்டாமலே நின்றது. அங்கே சோளம், இங்கே 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் பரப்பிய மரச்சீனி. அந்தக் கிழங்கு ஏழையைக் காத்தது உண்மை. 1942இல் பர்மா அரிசி நின்றபோது நம் வீடுகளில் அடுப்பெரிந்ததும் அதனால்தான். ஆனால் கிழங்கு யாருக்கு, நெல் யாருக்கு என்ற கேள்வி அயர்லாந்திலும் எழவில்லை; தர்மபூமியிலும் எழவில்லை. அங்கே அமெரிக்கக் கப்பல். இங்கே இலங்கைக் காப்பித் தோட்டமும் அசம்பு மலைத் தோட்டமும். ஊரில் நிலம் இல்லாதவனுக்கு ஊரே இல்லை என்பதுதான் அவர்கள் கண்ட முடிவு.

இத்தனை மருந்திலும் இல்லாத ஒரு பொருள் எது? உரிமை! கஞ்சி உண்டு, கிழங்கு உண்டு, கால்வாய் உண்டு, கப்பல் உண்டு. உழுகிறவனுக்கு நிலம் என்ற ஒன்று மட்டும் இல்லை.

அது எப்படி வந்தது? 1879 அக்டோபரில் டப்ளினில் நிலச்சங்கம் அமைந்தது. பார்னெல் தலைவர், மைக்கேல் டேவிட் அதன் உயிர். டேவிட் நான்கு வயதுக் குழந்தையாக இருந்தபோது குடும்பத்தோடு வெளியேற்றப்பட்டவர், பஞ்சாலையில் கை இழந்தவர், சிறை கண்டவர். 1880இல் மேயோ வட்டாரத்தில் உழவர் ஓர் எசமானனின் முகவரைப் பகிஷ்கரித்தனர். அவனுக்கு அறுவடை செய்ய ஆள் இல்லை. கடையில் சரக்கு இல்லை. பேச நாக்கு இல்லை. அவன் பெயர் பாய்காட். அந்தப் பெயரே உலகத்துக்கு ஒரு சொல்லாயிற்று! இங்கே ஊர்விலக்கு என்பது மேலவன் கீழவனை அடிக்க வைத்திருந்த சாட்டை. அங்கே கீழவன் அந்தச் சாட்டையைப் பிடுங்கித் திருப்பிப் பிடித்தான். 1881இல் நியாயக் குத்தகை, நிலைத்த குடியுரிமை, விற்கும் உரிமை என்ற மூன்றையும் சட்டம் ஒப்புக்கொண்டது. 1903 சட்டத்தால் நிலக்கிழாரின் நிலம் பெருமளவில் உழவன் கைக்கு வந்தது. ஆணையங்கள் அரை நூற்றாண்டு எழுதியும் அசையாத மலையை, வாய் திறவாத ஒற்றுமை இரண்டே ஆண்டில் அசைத்தது!

இங்கேயும் அதுதான் வரலாறு. சாமித்தோப்பில் வைகுண்டர் தம் மக்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். அவர் சொன்ன தெய்வக் கதைகளை நாம் ஏற்பதில்லை. அந்தத் தலைப்பாகைக்குத் தலைவணங்குகிறோம். குனிந்த தலையில் அது நிற்காதல்லவா? அதற்காகவே அரசு அவரைச் சிறையிட்டது. 1855இல் அடிமைமுறை ஒழிந்தது. 1865இல் அரசு நிலக் குடியானவர்க்கு நில உரிமை வந்தது. 1924இல் வைக்கத்தில் பெரியார் சிறை புகுந்தார். 1926இலும் 1930இலும் சுசீந்திரம் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காக அறப்போர் நடந்தது. 1936 நவம்பர் 12இல் கோயில் கதவு திறந்தது. 1954 ஆகஸ்ட் 11இல் தாய்த்தமிழகத்தோடு சேரக் கேட்டவர் மார்பில் குண்டு பாய்ந்தது. 1956 நவம்பர் 1இல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. பத்மநாபசுவாமி கோயிலுக்குரிய ஸ்ரீபண்டாரவக நிலங்களும், ஜென்மிக்குக் குடியானவன் கட்டிவந்த ஜென்மிக்கரமும் எப்போது ஒழிந்தன தெரியுமா? 1964இல், தமிழகச் சட்டமன்றத்தின் சட்டங்களால்! தர்மபூமியின் கடைசி முடிச்சு அவிழ நூறாண்டு பிடித்தது. எந்த முடிச்சும் தானாக அவிழவில்லை.

முடிந்துவிட்டதா கதை? 2017 நவம்பர் 30இல் ஒக்கிப் புயல் வீசிற்று. தூத்தூர் முதலான கடற்கரை ஊர்களின் ஆண்கள் கடலில் சிக்கினர். தேடுங்கள், தேடுங்கள் என்று தாய்மார் கதறினர். கதறலுக்குச் செவி சாயவில்லை. டிசம்பரில் அவர்கள் ஆயிரக்கணக்கில் குழித்துறை இரயில் நிலையத்துத் தண்டவாளத்தில் அமர்ந்தனர். அதன் பிறகே அப்போதைய முதலமைச்சர் மாவட்டத்துக்கு வந்தார். அயர்லாந்துப் பாடம் அப்படியே! முனகினால் அனுதாபம், முற்றுகையிட்டால் அதிகாரி. ஆழ்கடலுக்கும் வளைகுடாவுக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தொலைபேசியருகே காத்திருக்கும் வீடுகள் இந்த மாவட்டத்தில் எத்தனை! கப்பல் விமானமாயிற்று, ஊரில் பிழைக்க வழியில்லை என்ற முடிவு மாறவில்லை.

மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். பசித்தவன் எசமானனை நோக்கித் திரும்பாதிருக்க, அவனைப் பக்கத்து வீட்டுக்காரன்மேல் திருப்பிவிடும் வித்தை ஒன்று உண்டு. அயர்லாந்தின் வடக்கே கத்தோலிக்கன், புராட்டஸ்டன்ட் என்று பிரித்து அந்த வித்தையைக் காட்டினர். 1982இல் மண்டைக்காட்டில் நாம் அதன் கொடுமையைக் கண்டோம். வலை இழுப்பவனும் பனை ஏறுபவனும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டால், இலாபம் யாருக்கு? ஒருகாலத்தில் இருவரின் பெண்களுக்கும் ஒரே முரட்டுத்துணியை அளந்து கொடுத்த அந்த அறிக்கையை இருவரும் மறந்ததால் வந்த வினை இது. ஆகவேதான் அந்தப் பாடத்தைப் புத்தகத்திலிருந்து நீக்குகிறார்கள்! நினைவு இருந்தால் ஒற்றுமை வரும். ஒற்றுமை வந்தால் கணக்குக் கேட்பர்.

இளைஞர்களே! வறுமையை ஒழிக்கிறேன், அமைதியை நாட்டுகிறேன் என்று எவர் எந்தத் திட்டத்தோடு வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இதனால் நிலமும் கடலும் உழைப்பவன் கைக்கு நெருங்குமா, விலகுமா? உழைப்புக்கு முழுக்கூலி உண்டா, ஊழியம் வேறு பெயரில் தொடருமா? வாங்குகிறவன் தலை நிமிருமா, குனியுமா? மூன்றுக்கும் விடை சரியென்றால் வரவேற்போம். இல்லையென்றால், அது எத்தனை இனிய கஞ்சியானாலும் கஞ்சித்தொட்டியே. பசியை ஒருநாள் ஆற்றும், பறித்தவனைப் பல ஆண்டு காக்கும். பசித்தவனுக்குக் கஞ்சி ஊற்றுங்கள், தடுப்போமில்லை. ஊற்றிய கையை வணங்கச் சொல்லாதீர்கள். தொட்டி தேவைப்பட்ட காரணத்தைக் கேட்கும் வாயை அடைக்காதீர்கள்!

2023 மார்ச் 6இல் நாகர்கோவிலில் தோள்சீலைப் போராட்டத்தின் 200ஆம் ஆண்டைத் தமிழக முதல்வரும் கேரள முதல்வரும் ஒரே மேடையில் நினைவுகூர்ந்தனர். நல்லது. மேடை கலைந்துவிட்டது, பாடம் இன்னும் திரும்பவில்லை. அவர்கள் ஏட்டிலிருந்து நீக்கியதை நாம் வீட்டில் சொல்லுவோம். படிப்பகத்தில் சொல்லுவோம். பாட்டி எந்தச் சந்தையில் எந்தச் சீலையோடு நின்றாள் என்பதைப் பேத்திக்குச் சொல்லுவோம். தேர்வில் அந்த வினா வராது என்றார்கள். தெருவில் வரும்! விடை எழுதக் கற்றவர்களாக நாம் இருப்போம்.